மூன்றாவது குழி ஓரத்துப் புல்

பதினாறு லிட்டர் மருந்து டேங்கை நாள் முழுக்க முதுகில் கட்டிக்கொண்டு நடந்தால் இடது தோள்பட்டை செத்துப்போகும். சோறு தின்பது வலது கையால் என்பதால் பிழைத்தேன்.

மேனேஜர் சார், கேமராவில் கோணியும் கருக்கரிவாளுமாகத் தெரிவது நான்தான். கிழிந்த பனியனைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பீர்கள். புல்லை ஏன் அறுத்தாய் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

காசு கட்டினால் யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்கிற கோல்ஃப் மைதானம் இந்தப் பக்கம் மூன்று. மூன்றிலும் புல் வெட்டியிருக்கிறேன். மெட்ராஸ்காரர்கள் பந்து எப்படி உருளுகிறது என்று பார்த்து ஒப்பிடுவார்கள். எனக்கு மாட்டின் வாய்தான் கணக்கு. மாகறல் மைதானத்தில் ஆற்று மணல். புல்லோடு மண்ணும் வரும், மாடு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். பெருநகர் மைதானத்தில் போர்வெல் தண்ணீர் உப்பு; மாடு தின்னும், பால் ஏறாது. நம் சாலவாக்கம் மைதானத்தில் மூன்றாவது குழி ஓரம் வெட்டாமல் விட்ட நீளப்புல் இருக்கிறதே, அதைத் தின்றால் நாலு லிட்டர் அதிகம் கறக்கும்.

இந்த மே மாதம் ஏரிப் புல்லெல்லாம் கருகிவிட்டது. பத்து லிட்டர் கறந்த பசு ஆறுக்கு இறங்கியது. நம் கேன்டீனுக்குப் பால் ஊற்றித்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. மூன்று மைதானத்தையும் பார்த்து எது சிறந்தது என்று எழுத ஞாயிற்றுக்கிழமை ஒரு குழு வருகிறது என்றான் சமையல்காரன் கன்னியப்பன்.

“பத்து லிட்டருக்குக் கொறஞ்சா பாக்கெட் பாலுக்கு மாறிடுவேன், தண்டபாணி. அப்பால வந்து பேஜார் பண்ணிக்கினு நிக்காத.”

ஊரே காய்ந்து கிடக்கையில் இரண்டு வேளை தண்ணீர் குடித்தது அந்த மூன்றாவது குழி ஒன்றுதான். வெள்ளியும் சனியும் விடிவதற்குள், ஆள் வருமுன்னே போய் இரண்டிரண்டு கோணி அறுத்தேன். ஞாயிறு காலை பால் சரியாக இருந்தது. கன்னியப்பன் முகர்ந்து பார்த்தான்.

“இன்னாய்யா, ஒரு மாதிரி வாட அடிக்குது?”

“பச்சப்புல்லு வாசம்டா.”

நல்லவன், நம்பினான்.

வியாழக்கிழமை அந்தப் புல்லுக்குப் பூச்சி மருந்து அடித்தவன் நான். பதினான்கு நாள் மாட்டை விடாதே என்று டப்பாவில் படம் போட்டிருக்கிறது. படம் எனக்குப் புரியும். பதினான்கு நாள் பட்டினி கிட என்றால் மாட்டுக்குத்தான் புரியாது.

குழு கன்னியப்பன் சுட்ட வடையைத் தின்று காபி குடித்தது. நான்காவது குழியில் ஒருவர் மட்டையைக் கீழே போட்டார். ஆறாவது குழிக்குப் போவதற்குள் வந்த பதினோரு பேரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது குழி வெட்டிய இடத்தில் கக்கூஸ் இரண்டு போதும் என்று முடிவு செய்தது நானில்லை. வேலிக்காத்தான் புதருக்குள் போனவருக்கு முள் எடுத்துவிட்டது நான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். யாரும் சாகவில்லை. உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார்கள், அவ்வளவுதான். நமக்குக் கடைசி இடம் கொடுத்தாலும், மூன்றாவது குழி ஓரம் நேர்த்தியாக வெட்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள்.

தெரிந்து ஒருவருக்குக் கெடுதல் செய்கிறவனில்லை நான். அந்த ஞாயிறு காலை என் மனைவி இளவரசிதான் கத்தினாள்.

“இன்னாய்யா, வூட்ல மாட்டக் கட்டிக்கினு பாக்கெட் பாலு வாங்கியாந்துகீற? புத்தி கீதா?”

“புள்ளைக்கு இத ஊத்து. நம்ப பாலு ரெண்டு வாரத்துக்கு வோணாம்.”

எங்கள் கீர்த்திக்கு நாலு வயது. பெற்றவன் பார்த்துக்கொள்ள வேண்டாமா?

வடை ஊசிப்போய்விட்டது என்று சொல்லி அன்று மாலையே கன்னியப்பனை வேலையை விட்டு நிறுத்தினீர்கள். இப்போது கேன்டீனை இளவரசி நடத்துகிறாள்; நீங்களே கூப்பிட்டுக் கொடுத்தது. புல்லுக்கு என்ன விலையோ சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். அவன் வடையில் ஒரு குறையும் இல்லை என்று கன்னியப்பனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நான் பாக்கி வைத்திருப்பது அது ஒன்றுதான்.