துண்டு முதலாளி கேட்ட தறிச்சத்தம்

இந்த இரங்கல் கூட்ட மேடையில் வீற்றிருக்கும் ஜமாஅத் தலைவர் அவர்களே, தென்காசி நகரப் பெருமக்களே, தறியை விட்டு நேராக வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நம்மை விட்டுப் போன துண்டு முதலாளி துல்கர்னைன் சாகிப் அவர்கள் ஒற்றை ஆளாகத் தொழிலைத் தூக்கி நிறுத்தியவர் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். ஐம்பத்து மூன்றாம் வருடத்தில் சேலை விற்காமல் நம் தறிகள் முடங்கிக் கிடந்தபோது, குற்றாலத்துச் சாரலில் நடுங்கி நின்றவர்களைப் பார்த்து, துண்டு நெய்யலாம் என்று நினைத்தவர் அவர் ஒருவர்தானே? நூல்கடைக்காரனான நானே சிரித்தேன்.

"குளிக்க வாறவன் துண்டு கொண்டு வர மாட்டானாவே?" என்று கேட்டேன்.

"கொண்டு வருவான். சாரல்ல அதுவும்லா நனைஞ்சிருக்கும்" என்றார்.

தறியில் ஏற்றிய ஒவ்வொரு பாவு நூலும் நெய்து முடிந்ததும் அவரே ஐந்தருவியில் குளித்து, அந்தத் துண்டால் துவட்டிப் பார்ப்பார். தலை காயவில்லையென்றால் சரக்கு கடைக்குப் போகாது. காய்ச்சலோடு போய் அருவியில் நின்ற மனிதரை யார் தடுக்க முடிந்தது? தான் இல்லாவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று அவர் நம்பினார். நாமும் நம்பினோம். அவர் படுக்கையில் விழுந்ததும் இனித் தறி நின்றுவிடும் என்றே இந்தத் தெரு முழுக்கப் பேச்சு.

அப்போது நம் தறி மேஸ்திரி நயினார் யாரையும் கேட்காமல் துண்டோடு அருவிக்குப் போனார். குளித்தார், துவட்டினார், ஒரு பாவுச் சரக்கு முழுவதையும் வேண்டாமென்று ஒதுக்கினார். வேலை நடந்தது.

நான் பார்க்கப் போனபோது சாகிப் கண்ணை மூடிக்கொண்டு தறிச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கவலைப்படுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ஓய் தில்லைநாயகம், நான் இல்லாமலே ஓடுது, கேட்டீரா? அப்பாடா. இனி நான் தூங்குவேன்வே" என்றார்.

இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் கண்டதில்லை. வெளியே வந்து அழுதேன். ஆனால் என் நெஞ்சில் இருந்த பாரமும் அன்றே இறங்கிவிட்டது.

ஆகவே பெரியோர்களே, இனி யார் என்று கேட்காதீர்கள். நூல் நான் தருவேன். நயினார் அருவியில் நிற்பார். நீங்கள் நெய்வீர்கள். சாகிபின் துணைவியார் ஹாஜரா பீவி நமக்குச் சொல்லி அனுப்பியதும் அதுதான்: "கூட்டம்னு சொல்லித் தறிய நிறுத்திராதிய."

அதனால்தான் உங்களில் பாதிப் பேர் இன்று இங்கே வராமல் தறியில் இருக்கிறார்கள். இப்போது எழுந்து சற்று நேரம் பேசாமல் நிற்போம். அவர் கேட்டுக்கொண்டே தூங்கிய சத்தம் நமக்கும் கேட்கும்.