ஊமை லாகர்

லாகர் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. மென்பொருள் எப்போது என்ன செய்தது என்று பதிவு எழுதி வைக்கிற சின்ன நிரல், அவ்வளவுதான். எங்கள் மருத்துவமனை மென்பொருளில் எந்தப் பகுதியும் லாகரைத் தானே உருவாக்கிக்கொள்ளாது. தொடக்கத்தில் நான் எதைக் கையில் கொடுக்கிறேனோ அதை வாங்கிக்கொண்டு வேலை செய்யும். நல்ல ஏற்பாடு. மாற்ற வேண்டுமென்றால் நிரலில் ஒரு வரியை மாற்றினால் போதும்.

சோதனைக்கென்று ஓர் ஊமை லாகரும் வைத்திருந்தோம். சொல்வதையெல்லாம் வாங்கிக்கொள்ளும், எதையும் எழுதாது. தனக்குக் கிடைத்தது ஊமை என்று அதை வாங்கிய பகுதிக்கே தெரியாது. டாக்டரை அழைக்கும் பொத்தான் மந்தமாக இருக்கிறதென்று வார்டில் ஓயாமல் முணுமுணுத்தார்கள். பதிவு எழுதுவதில்தான் தாமதமோ என்று பார்க்க, பொத்தானைக் கவனிக்கும் பகுதிக்கு மட்டும் ஊமையைக் கொடுத்தேன். பொத்தான் பறந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். திரும்ப மாற்ற எனக்கு மனசு வரவில்லை.

அந்த வார்டில்தான் என் தங்கை நர்ஸ். ஒரு குழந்தைக்கு மூச்சு திணறியபோது அந்தப் பொத்தானை அழுத்தினாள்; விடாமல் அழுத்தினாள். டாக்டர் வரவில்லை. குழந்தை போய்விட்டது. தனக்கு அழைப்பே வரவில்லை என்று டாக்டர் சாதித்தார். பதிவைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

விசாரணைக்கு முன்பே ஊமையை எடுத்துவிட்டுப் பழைய வரியை அதன் இடத்தில் வைத்துவிட்டேன். ஒரே வீட்டில் இரண்டு பேரும் வேலையை இழந்தால் யாருக்கு என்ன லாபம்? "மற்றதெல்லாம் பதிவாகியிருக்கிறது. அழைப்பு மட்டும் இல்லை" என்றேன். அதில் பொய் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் தங்கை கேட்டாள்.

"அண்ணா, நீயே பாத்தியா?"

"பாத்தேன்மா. ஒண்ணுமே இல்ல."

அவளுக்கு வேலை போனது. அதைக்கூடத் தாங்கியிருப்பாள். ஆனால் சின்ன வயதிலிருந்தே என் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவள் அவள். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுத்துன மாதிரிதான் ஞாபகம். ஒருவேளை அழுத்தவே இல்லையோ என்னவோ. அந்தப் பிள்ளைய நான்தான் கொன்னுட்டேன் போலண்ணா."

அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

"பதட்டத்துல மறந்திருப்ப. விடும்மா."

இப்போது அவள் யாரோடும் பேசுவதில்லை. சொல்வதைக் கேட்டுக்கொள்கிறாள். கூட இருந்து பார்த்துக்கொள்வது நான்தான். நீங்கள் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்: அந்தக் குழந்தை விஷயத்தில் இன்றுவரை அவளை நான் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.