கண் வைக்காத சிப்பாய்

வேங்கிக்காலில் ஷேர் ஆட்டோ கிளம்பியதும் எனக்கு எதிரே இருந்த பெண் தன் தோழியிடம் சொன்னாள்: “நேத்து ராத்திரியும் ஒருத்தனுக்குக் கண்ணு போச்சுடி.”

ஆட்டோவில் எல்லோரும் அவளைப் பார்த்தோம். மடியிலிருந்த டப்பாவைத் திறந்து தோழிக்குக் காட்டினாள். கையில் துப்பாக்கியோடு விரல் உயரப் பிளாஸ்டிக் சிப்பாய். உடுப்பு, மீசை எல்லாவற்றுக்கும் அழகாக வண்ணம் தீட்டியிருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு தீற்றல்.

“மூஞ்சி பூரா முடிச்சிட்டு கண்ணு வெக்கறப்போ கை ஆடிடுது. எல்லாத்தையும் அழிக்க வேண்டியதா போவுது. ஞாயித்துக்கெழம பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கற போட்டி வேற.”

“மொதல்ல கண்ண வெச்சிட்டு அப்பறமா மூஞ்சிக்குப் பெயிண்ட் அடியேன்.”

“கண்ணு கடைசியிலதான்டி தொறக்கணும்.”

“அது சாமி செலைக்கு. இவன் சிப்பாய்.”

“கண்ண மொதல்ல வெச்சும் பாத்தேன். வேலை முடியறவரைக்கும் என்னையே மொறைச்சிக்கினு இருந்தான். கை இன்னும் ஜாஸ்தி ஆடிச்சு.”

டப்பாவை மூடினாள். உடனே திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினாள். ஆட்டோ பஸ் ஸ்டாண்டை நெருங்கியது.

“பேசாம கண்ண மூடியிருக்கற மாதிரி வரைஞ்சிடப் போறேன். ஒரு கோடு போதும்.”

“துப்பாக்கியப் புடிச்சிக்கினு எவன்டி தூங்குவான்?”

“அவன் தூங்கினாத்தான்டி நான் தூங்க முடியும்.”