அவர் பேசி முடிக்கும் வரை

– ‘இத்தனை வருஷமா என்னோட வேலை பாத்த எல்லாருக்கும் ந... ந...’

– நன்றி! நன்றிதானே? மேல சொல்லுங்க.

– பாத்தியா. மறுபடியும் நடுவுல நு... நுழைஞ்சிட்ட.

– ஐயோ, சரி, வாய மூடிக்கிட்டேன். ஆனா ஏங்க, நாளைக்கு அச்சகத்துல உங்களுக்குப் பதிலா நானே எழுந்து நாலு வார்த்தை பேசிட்டா ஆகாதா? நீங்க சிரிச்ச மொகமா பக்கத்துல நில்லுங்க. கல்யாணமானதுலேருந்து நம்ம வண்டி அப்படித்தானே ஓடுது?

– இல்ல. நான்தான் பேசணும். ரி... ரிட்டயர் ஆகுறது நான்.

– திக்குமே.

– திக்கட்டும். பேச்சுப் பயிற்சி டீச்சரம்மா சொன்னாங்க, திக்கிறத மறைக்கப் பாக்கிறதாலதான் மூச்சு முட்டுதாம். மறைக்காம மெ... மெதுவா விட்டா, அது பாட்டுக்கு வந்துட்டுப் போயிருமாம்.

– நல்ல டீச்சரம்மா! அறுபது வயசுல பேசப் பழகுற புள்ள, நல்லா வருவீங்க.

– சிரி, சிரி. அச்சகத்துல அந்தப் பெரிய மெஷின் வேலைய நான் ஏன் கேட்டு வாங்கினேன், தெரியுமா?

– தெரியாதா எனக்கு? அதுமேல உங்களுக்கு அப்படி ஒரு பிரியம்.

– அது ஓடுற சத்தத்துல யாரு பேசினாலும் காதுல வி... விழாது. எல்லாரும் கைய ஆட்டித்தான் பேசுவாங்க. அங்க நின்னா நானும் அவங்கள்ல ஒருத்தன். நாளைக்கு எனக்காக அதை நிறுத்துறாங்களாம். அந்த அமைதியில என் பேச்சு கேக்கட்டும், எப்படி இருக்கோ அப்படியே.

– சும்மா இருங்க. கண்ணு கலங்குது.

– அதனால இனிமே நீ மு... முடிக்காத. நான் எவ்வளவு நேரம் எடுத்தாலும்.

– எனக்கு அவசரக்குடுக்கைன்னு பேரே வெச்சாச்சு, நான் எங்கேருந்து பொறுமையா இருக்கிறது? கடைக்காரர், டாக்டர், உங்க அக்கா, எல்லார்கிட்டயும் உங்களுக்காகப் பேசினது யாரு? ஒரு தடவையாவது தப்பா முடிச்சிருக்கேனா?

– ஒரே ஒரு த... தடவை.

– எப்ப?

– காப்பகத்துல. நமக்குப் பொறக்காதுன்னு ஆனப்புறம், தத்தெடுக்க ஒரு கொழந்தையப் பாக்கப் போனோமே.

– அது எதுக்குங்க இப்ப?

– அந்தச் சின்னப் பொண்ணு. அவ பேரக் கேக்க நான் எவ்வளவு திக்கினேன்! அவ சிரிக்கல. கேட்டு முடிக்கிற வரைக்கும் என் வாயையே பா... பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் காப்பகத்து மேடம் என் முடிவு என்னன்னு கேட்டாங்க. ‘இந்தப் பொண்ண நா... நாங்க...’ன்னு ஆரம்பிச்சேன்.

– போதுங்க.

– ‘எங்களுக்குச் சரிப்படாதுன்னு சொல்றாரு’ன்னு நீ முடிச்சிட்ட. ‘இல்ல’ன்னு சொல்ல வாயெடுத்தேன். வரல. உன்மேல எனக்கு வ... வருத்தமே இல்லம்மா. இத்தனை வருஷம் இந்த நாக்கத்தான் திட்டினேன். இப்ப அதையும் விட்டுட்டேன். பாவம், அதுக்குக் கொஞ்சம் நேரம் வேணும், அவ்வளவுதான்.

– ஏங்க...

– ம்.

– அன்னைக்கு அவ கையப் பிடிச்சிக்கிட்டு நம்ம தெருவுல எப்படி நடக்கிறதுன்னுதான் எனக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு. ‘பெத்துக்க வக்கில்லாதவ இவதான்’னு பாக்கிறவங்க எல்லாம் சொல்வாங்களேன்னு... அந்தப் பயத்துல நான்...

– அந்தப் பயத்துல, நான் சொல்ல வந்தது உனக்குப் பு... புரியாமப் போச்சு. அதுக்கு ஏன் அழுற? விடு.

– நீங்க முடிக்காதீங்க. நான் சொல்லிடுறேன். கூட்டிட்டுப் போறோம்னுதான் நீங்க சொல்ல வந்தீங்க. அன்னைக்கே எனக்குத் தெரியும்.