சகலை வாங்கின ட்ரோன்

முதல் ட்ரோன்னா கேமராவைப் பார்க்காதீங்க. எல்லாரும் அதுலதான் ஏமாறுவாங்க. கடைக்காரன் பெரிய திரையில வீடியோ போட்டுக் காட்டுவான், நாமளும் வாயைப் பிளந்துக்கிட்டுப் பார்ப்போம். பறக்க விடவே தெரியாதப்ப படம் தெளிவா வந்து என்ன பண்ணப் போறோம்? கனம் கம்மியா இருக்கணும். எதிர்ல மரமோ சுவரோ வந்தா தானா நிக்கிற சென்சார் இருக்கணும். இறக்கையைச் சுத்தி வளையம் இருக்கணும். வீட்டுல சின்னப் பொண்ணு இருக்குன்னு சொன்னீங்க, அப்ப வளையம் கட்டாயம். உட்காருங்க. டீயை இங்கயே குடிக்கலாம், பெல் அடிக்க இன்னும் நேரம் இருக்கு.

நீங்க என்னைத் தேடி வந்ததுல தப்பில்ல. இந்த பம்பு கம்பெனிக்குப் புதுசா வந்தவர் நீங்க, உங்ககிட்டயே எவனோ சொல்லி அனுப்பியிருக்கான். லாரியில ஏத்துறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பம்பையும் ஓட்டிப் பார்த்து ஓகே ஸ்டிக்கர் ஒட்டறது என் வேலை. வீட்டுலயும் அதே பொழப்புதான். மிக்ஸியோ, மெத்தையோ, பழைய காரோ, சொந்தக்காரங்க என்னைக் கேக்காம வாங்க மாட்டாங்க. என் பொண்டாட்டி கிண்டல் பண்ணுவா, "என்னையும் ரிவ்யூ பார்த்துட்டுத்தான் கட்டினீங்களா?"ன்னு.

கேக்காம வாங்கற ஒரே ஆள் என் சகலை. மச்சினி புருஷன். டைல்ஸ் கடையில மேனேஜர். நல்ல மனுஷன், மனசுல எதையும் வெச்சுக்க மாட்டாரு, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவரே ஒருநாள் போன் பண்ணி, "சகலை, பொழுதுபோக்கா போட்டோ, வீடியோ எடுக்கலாம்னு ஆசை. முதல் ட்ரோன் எதை வாங்கலாம்?"னு கேட்டாரு. எனக்குத் தலைகால் புரியல. வேலை விட்டு வந்ததும் அதே ஆராய்ச்சிதான், சோத்துத் தட்டை வெச்சுக்கிட்டு வீடியோ பார்த்தேன். இப்ப உங்ககிட்ட சொன்னேன் பாருங்க, அந்த மாதிரி ஒண்ணைத்தான் தேடிப் பிடிச்சுச் சொன்னேன். "நீங்க சொன்னா சரிதான், அதையே எடுத்துடறேன்"னாரு.

ஞாயித்துக்கிழமை மாமனார் வீட்டுல எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம், பெரிய பெட்டியோட வந்து நிக்கிறாரு. வேற ட்ரோன். பிரமாதமான கேமரா, கனமான உடம்பு, சென்சார் கிடையாது. "சகலை சொன்னதைக் கடையில கேட்டேன். அது பொம்மை சார், யார் சார் உங்களுக்கு இதைச் சொன்னதுன்னு சிரிக்கிறான்"னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. மாமனாருக்குப் புரையேறிப் போச்சு. என் பொண்டாட்டி தலையில கை வெச்சுக்கிட்டுச் சிரிச்சா. நானும் சிரிச்சேன்.

இதுக்கெல்லாமா ஒருத்தனுக்குக் கோபம் வரும்னு நினைப்பீங்க. கோபம் இல்ல. அது கீழ விழுந்து உடையணும், எல்லார் முன்னாடியும் உடையணும், அவ்வளவுதான் நினைச்சேன். யாருக்கும் ஒரு கீறல் விழணும்னு நினைக்கல. இதை நீங்க நம்பணும்.

அடுத்த வாரம் ஊருக்கு வெளிய ஒரு காலி மைதானத்துக்குப் போனோம். சகலை பொண்ணும் வந்திருந்தா. ஏழு வயசு. வாலுன்னுதான் கூப்பிடுவோம், ஒரு இடத்துல நிக்க மாட்டா. எங்களுக்குக் குழந்தை இல்ல. பெரியப்பா பெரியப்பான்னு என் தோள் மேலயே கிடப்பா. என் செருப்பை மாட்டிக்கிட்டு, என்னை மாதிரியே மூக்குக்கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டு, பொம்மை காரை எல்லாம் சோதிச்சு "ஓகே, ஓகே"ன்னு தட்டுவா.

இப்ப சொல்றதைக் கவனமா கேளுங்க, நீங்க எதை வாங்கினாலும் உதவும். ட்ரோனுக்குள்ள ஒரு சின்ன திசைகாட்டி இருக்கும். இரும்பு மேல வெச்சுக் கிளப்பினா அது குழம்பிடும். ஒரு இடத்துல நிக்கத் தெரியாம வட்டம் போட ஆரம்பிக்கும், வட்டம் பெருசாகிக்கிட்டே போகும். மைதானத்துல முழங்கால் உயரத்துக்குப் புல். அதனால சகலை ட்ரோனைக் கார் பானட் மேல வெச்சாரு.

பானட்டுல வைங்கன்னு சொன்னது நான்தான். "சமமா இருக்கும், புல்லு சிக்காது"ன்னு சொன்னேன்.

பெட்டியில வளையம் இருந்துச்சு, கடைக்காரன் இனாமாக் கொடுத்தது. "இதை மாட்டணுமா சகலை?"ன்னு கேட்டாரு. "மாட்டினா கனம் ஏறும். பேட்டரி சீக்கிரம் தீரும். வீடியோ ஓரத்துல தெரிஞ்சாலும் தெரியும்"னேன். சொன்னதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது. யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. வளையம் இருந்தா விழுந்தாலும் உடையாது, அது ஒண்ணைத்தான் சொல்லல.

கிளப்பறதுக்கு முன்னாடி போனைக் காட்டி, "செவப்பா என்னமோ வருதே?"ன்னாரு. திசைகாட்டி சரியில்லன்னு எழுதியிருந்துச்சு. "அது வரும், தள்ளி விடுங்க"ன்னேன். இத்தனை வருஷத்துல ஓடாத பம்புக்கு நான் ஓகே சொன்னதே இல்ல. அன்னிக்குச் சொன்னேன்.

மச்சினி, "அத்தான், இவளைப் பிடிச்சுக்குங்க, ஓடிடுவா"ன்னு வாலுவை என் கையில கொடுத்துட்டுப் போனா. ட்ரோன் மேல போச்சு. கொஞ்ச நேரம் நின்னுச்சு, அப்புறம் சரிஞ்சு சுத்த ஆரம்பிச்சுது. எல்லாரும் ஏதோ வித்தை காட்டறாருன்னு கை தட்டினாங்க. எனக்கு மட்டும்தான் தெரியும். இதைப் படம் பிடிக்கணும்னு தோணுச்சு. உடையறதை நாளைக்கு எல்லாருக்கும் போட்டுக் காட்டலாமே. ஒரு கையில போன் ஆடுச்சு. ரெண்டு கையாலயும் பிடிச்சேன்.

ஆமா, அவ கையை விட்டுட்டுத்தான்.

சகலை முகம் வெளிறிப் போச்சு. "சகலை, சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது, என்ன பண்றது?"ன்னு கத்தினாரு. என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியும். ரிமோட்ல ரெண்டு குச்சி இருக்கும். ரெண்டையும் கீழ, உள்பக்கமா இழுத்துப் பிடிச்சா மோட்டார் நின்னு, பொத்துன்னு புல்லுல விழுந்துடும். ஒரே ஒரு வாக்கியம். நாக்கு நுனியில நின்னுச்சு. நான் சொல்லல. அவர் கேக்கறது எனக்கு இதமா இருந்துச்சு. இன்னொரு தடவை கேக்கட்டும்னு இருந்தேன்.

கேட்டாரு. "சகலை, சொல்லுங்க சகலை, கால்ல வேணா விழறேன்."

அதுக்குள்ள வட்டம் பெருசாகித் தாழ வந்துடுச்சு. வாலு அதைப் பிடிக்கிறதுக்காகக் கையை நீட்டிக்கிட்டு ஓடினா. "பெரியப்பா, என்கிட்டதான் வருது"ன்னா.

வலது கண். எடுக்க வேண்டியதாப் போச்சு.

கார் ஓட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனது நான்தான். அங்க பாத்ரூம்ல நின்னு என் போன்ல இருந்த வீடியோவை அழிச்சேன். அதுல சகலை கேக்கறது கேக்குது, நான் பதில் சொல்லாம இருக்கறதும் கேக்குது. எல்லாரும் என்னைத்தான் புகழ்ந்தாங்க, பதறாம வண்டி ஓட்டினேன்னு. மச்சினி சகலைகிட்ட முகம் கொடுத்துப் பேசறதே இல்ல. அவர் சாப்பாட்டைப் பிசைஞ்சுக்கிட்டே உட்கார்ந்திருப்பாரு. "என் குழந்தையை நானே பாழாக்கிட்டேன் சகலை"ம்பாரு. நான் முதுகைத் தடவிக் கொடுப்பேன். வேணும்னேவா பண்ணீங்க, விடுங்கன்னு சொல்வேன். உண்மையைச் சொல்லிடணும்னுதான் ஒவ்வொரு தடவையும் கிளம்பிப் போறேன். அவங்க வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டறப்பவே வாய் கட்டிப் போயிடுது. அந்த மனுஷன் என் பாவத்தைச் சுமந்துக்கிட்டு உருக்குலைஞ்சு போறாரு, நான் பார்த்துக்கிட்டு இருக்கேன். உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா, ட்ரோன் பத்தி அதுக்கப்புறம் என்கிட்ட கேட்ட முதல் ஆள் நீங்க.

காயம் ஆறினதும் செயற்கைக் கண் வைக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. சகலை நேரா என்கிட்ட வந்தாரு. "எனக்கு ஒண்ணும் ஓடல. நீங்களே பார்த்துச் சொல்லுங்க"ன்னாரு. லீவ் போட்டுட்டு உட்கார்ந்து படிச்சேன். சைஸ் பார்த்து ரெடிமேடா வர்றது வேண்டாம், குழந்தைக்கு உறுத்தும்னு சொன்னேன். அச்செடுத்துச் செஞ்சு, இன்னொரு கண்ணைப் பார்த்துப் பார்த்துக் கையால நிறம் தீட்டறவங்க இருக்காங்க. அலைஞ்சு ஒருத்தரைக் கண்டுபிடிச்சேன். இந்தத் தடவை யாரும் வேற யாரையும் போய்க் கேக்கல. நான் சொன்னதையே வாங்கினாங்க.

நேத்து மாமனார் வீட்டுல வாலு அதைப் போட்டுக்கிட்டு வந்து நின்னா. எது நிஜம், எது வெச்சதுன்னு சொல்லவே முடியல. மாமனார் அவ முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. மச்சினி அழுதா. சகலை என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, எல்லார் முன்னாடியும், "உங்க பேச்சை நான் முதல்லயே கேட்டிருக்கணும்"னாரு. வீடே ஆமான்னு தலையாட்டுச்சு, என் பொண்டாட்டியும் சேர்த்து.

எனக்கு அப்ப எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?