துடித்த உருண்டைகள்

தவளையைப் பிடிக்குமுன் கையை நன்றாக நனைத்துக்கொள்ள வேண்டும். யோகோஹாமாவில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த முதல் நாளே, ஹத்தானோ உலர்ந்த கையோடு இரண்டு தவளைகளை நழுவவிட்டு, அவற்றைத் துரத்திக்கொண்டு மேசைக்கடியில் தவழ்ந்தார். எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

நீங்கள் கேட்பதால் எங்கள் வேலையையும் சொல்லிவிடுகிறேன். தவளைக் கரு வெறும் உயிரணுப் பந்தாக இருக்கும்போதே அதன் உச்சியில் ஒரு துணுக்கை வெட்டியெடுப்போம். உப்புநீரில் போட்டால் அது சும்மா ஒரு தோல் உருண்டையாகும். ஆக்டிவின் என்ற வளர்ச்சிக் காரணியைக் கொஞ்சம் சேர்த்தால் இரத்த அணுக்கள் வரும். கூட்டினால் தசை. இன்னும் கூட்டினால் இதயமே துடிக்கும். அந்த அளவெல்லாம் எனக்குக் கைப்பழக்கம்.

ஹத்தானோ காடை முட்டையிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து, அதுவும் இந்த வேலையைச் செய்யும் என்று நம்பினார். அது செய்யவில்லை. தட்டு தட்டாகத் தோல் உருண்டைகள்தான்.

"போதும் சிஸுரு சான். வக்கயாமாவுக்கே போயிடறேன். அப்பா தோட்டத்துல ஆரஞ்சாவது சொன்ன பேச்சு கேட்டுப் பழுக்கும்."

"இன்னும் ஒரே ஒரு தடவை பாருங்களேன்," என்றேன்.

அவர் சாப்பிடப் போனதும், அவருடைய தட்டுகளில் என் ஆக்டிவினைச் சேர்த்தேன். உப்புநீர்த் தட்டுகளைத் தொடவில்லை. ஒப்பிட ஏதாவது வேண்டுமல்லவா?

சில நாட்களில் கூப்பிட்டார். "இங்க வாங்களேன். துடிக்குது. ஐயோ, நெஜமாவே துடிக்குது." நுண்ணோக்கியை எனக்கு விட்டுத்தரவே இல்லை. அழுதுகொண்டே சிரித்தார். ஊருக்குப் போகும் பேச்சு அதோடு நின்றது. அதற்கப்புறம் அவர் சோதனை செய்த ஒவ்வொரு முறையும் சேர்த்தேன். காய்ச்சலோடுகூட வேலைக்கு வந்தேன்.

கட்டுரை வெளியாயிற்று, பெயர் பரவிற்று. சப்போரோவிலிருந்து வேலை தேடி வந்தது. அவர் சந்தோஷமாகப் பெட்டி கட்ட ஆரம்பித்தார். நான் என்ன ஆவேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பாவம், அவர் அப்படித்தான்.

அந்தச் சமயத்தில்தான், அந்தப் புரதம் தங்களிடம் வேலை செய்யவில்லை என்று மற்ற ஆய்வுக்கூடங்கள் எழுதின. எல்லோர் முன்னாலும் செய்துகாட்டும்படி பேராசிரியர் நுகாகா அவரிடம் சொன்னார். அந்த முறை நான் எதையும் சேர்க்கவில்லை.

தட்டு நிறையத் தோல் உருண்டைகள்.

"எங்கிட்டயாவது உண்மையச் சொல்லுப்பா. அப்போ என்னத்தக் கலந்த?" என்று பேராசிரியர் அவரைக் கேட்டார்.

"ஒண்ணும் கலக்கல, சென்செய்."

அதில் பொய்யே இல்லை. அவர் எதையும் கலக்கவில்லைதான்.

சப்போரோ வேலை போயிற்று. ஏமாற்றுக்காரனுக்கு வீட்டில் இடமில்லை என்று அவருடைய அப்பாவும் கதவைச் சாத்திவிட்டார். நான்தான் அவரைக் கல்யாணம் செய்துகொண்டேன்.

இப்போது தோஃபு வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். அதைத் தவிர எங்கும் போவதில்லை. அந்த உருண்டைகள் எப்படித் துடித்தன என்று சாப்பிடும்போது சில நாள் கேட்பார். அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைப்பேன்.

அவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம்தான், நீங்கள் வற்புறுத்த வேண்டியதில்லை. ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். நானும் இல்லையென்றால், அவரை நம்புவதற்கு இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?