ரெண்டு தடவை விழுந்த சம்பளம்

— உன் ஆபீஸ் கார்டைத் தட்டுடா. என்னோடதுக்கு இனிமே இந்தக் கதவு திறக்காதாம்.

— தட்டுறேன்க்கா. ரெண்டு நிமிஷம் நில்லு. அப்பாகிட்ட என்ன சொல்றதுன்னு பேசிக்குவோம்.

— உள்ளதைச் சொல்லு. ரெண்டு கம்பெனியும் ஒண்ணாச்சு. சம்பளம் போடுற சாஃப்ட்வேர் ஒண்ணு போதும்னாங்க. உங்களோடதை வச்சுக்கிட்டாங்க, எங்களோடது போச்சு, கூடவே எங்க டீமும் போச்சு. குழி பறிச்சது தம்பிதான்னும் சேர்த்துச் சொல்லு.

— சத்தியமா நான் அப்படி நெனைக்கலக்கா.

— வேற எப்படி நெனைச்ச? ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுக்கிட்டே உங்கிட்ட புலம்பினேன். மாச நடுவுல சேர்றவனுக்கு எங்க சாஃப்ட்வேர் ரெண்டு தடவை சம்பளம் போட்டுடுது, மண்டை காயுதுன்னு. கூடப் பொறந்தவன்னு சொன்னேன். நீ அதைக் கொண்டுபோய் மீட்டிங்ல கடை விரிச்சிட்ட.

— மேனேஜர் குடைஞ்சு எடுத்துட்டாருக்கா. அவங்க சாஃப்ட்வேர்ல ஒரு ஓட்டையாவது காட்டு, இல்லேன்னா நாமதான் மூட்டை கட்டணும்னாரு. ஏதோ வாயில வந்துடுச்சு.

— வாயில வரல. ஸ்லைடு போட்டு, செவப்புல வட்டம் போட்டுக் காட்டின.

— சரி, தப்புதான். செருப்பால அடி, வாங்கிக்கிறேன்.

— உன்னை அடிச்சு எனக்கு என்ன ஆகப்போகுது? எங்க டீம்ல அந்த வாயாடிப் பொண்ணுக்கு நெறமாச வயிறு. பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. டீம்ல மூத்தவரைத் தாத்தான்னு கிண்டல் பண்ணுவோமே, அவருக்கு இந்த வயசுல எவன்டா வேலை குடுப்பான்?

— எல்லாப் பழியும் என் தலையிலயா? மீட்டிங்ல முதலாளி உன்னைத்தானே கேட்டாரு, இந்தக் கோளாறு இன்னும் இருக்கான்னு. டீமுக்குத் தலைவி நீ. எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்ல? ஆமான்னுட்டு தலையைக் குனிஞ்சுக்கிட்ட.

— கார்டைத் தட்டு.

— பதில் சொல்லிட்டுப் போக்கா. ஏன் எதிர்த்துப் பேசல?

— அந்தக் கோளாறை மீட்டிங்குக்கு முன்னாடி, போன மாசமே சரி பண்ணியாச்சுடா. தாத்தாதான் வீட்டுக்குக்கூடப் போகாம உக்காந்து பண்ணாரு. மீட்டிங்ல என் பக்கத்து நாற்காலி அவரோடதுதான். இல்லைன்னு நான் சொல்லியிருந்தா, அத்தனை பேர் முன்னாடி நீ பொய்யனாகி, இன்னைக்கு உன் கார்டும் இந்தக் கதவைத் திறந்திருக்காது. தாத்தா என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் ஆமான்னேன்.